ஆச்சி பெட்டியில் 1939 வெள்ளி ரூபாய்: அசலா, டூப்ளிகேட்டா?

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வருஷக்கணக்காக வாசித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆச்சி தவறி ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுத்துணி முடிப்பு ஒன்றில் 14 வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா 3, எட்வர்டு 2, ஐந்தாம் ஜார்ஜ் 8, ஆறாம் ஜார்ஜ் 1. சரஸ்வதி பூஜைக்கு இந்த முடிப்பை எடுத்து, விபூதி போட்டுத் துலக்கி, குங்குமம் வைத்துப் படைப்பாள். சின்ன வயதில் நானும் துலக்கியிருக்கிறேன்.

எடை போட்டுப் பார்க்கலாம் என்று கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி வெள்ளி விலை சொன்னார். வேண்டாம் என்று வெளியே வந்தால், கடைக்குள் நின்றிருந்த ஒருவர் பின்னாலேயே வந்து, "தம்பி, அந்த ஆறாம் ஜார்ஜ் ஒண்ணை மட்டும் குடுங்க, நாப்பதாயிரம் தாரேன்" என்றார். அப்போதுதான் வருஷத்தைப் பார்த்தேன். 1939.

வீட்டுக்கு வந்து தேடினால் ரொம்ப அபூர்வம் என்கிறார்கள், ஏலத்தில் லட்சங்களுக்குப் போகுமாம். டூப்ளிகேட் நிறைய என்றும் சொல்கிறார்கள். செல்போனில் எடுத்த படம் நான்கு கீழே. என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

செல்லாக்காசு

அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா அண்ணாச்சி? இழுத்தால் இரிடியம். கோடி ரூபாய்.

தங்கசாலைத்_தெரு

செல்லாக்காசு, அந்த விளையாட்டை இங்கே வேண்டாம். அரிசியை இழுக்கும் காசு கோடி போகும் என்கிற 'ரைஸ் புல்லிங்' மோசடியை நம்பிக் காசை இழந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று வரும் 'கம்பெனி காசு' எதையும் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்ததே இல்லை. அது தனிக் கதை.

தம்பி, முதலில் ஒன்று. இனி அந்த நாணயத்தைத் துலக்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது.

ஏன் அபூர்வம் என்பது தெரிந்தால்தான் எப்படிப் போலி செய்வார்கள் என்பதும் புரியும். 1835இலிருந்து நம் ரூபாய் ஒரே கணக்கு: 180 கிரெயின் எடை, அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் 12இல் 11 பங்கு வெள்ளி. நாட்டு வைத்தியத்தில் 'ஒரு ரூபாய் எடை' என்று இன்றைக்கும் சொல்வது இதைத்தான். 1939இல் போர் வந்ததும் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். 1940இல் வெள்ளியைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டார்கள். அதே வருஷம் ஒரு ரூபாய் நோட்டும் புழக்கத்துக்கு வந்தது. நோட்டில் 1935 என்றும் ஐந்தாம் ஜார்ஜ் தலையும் இருக்கும், வெளியே விட்டது 1940இல். பழைய தரத்தில் பம்பாயில் அடித்த 1939 ரூபாயில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள். தப்பித்தவை மிகக் கொஞ்சம்.

ஆனால் 1938 ரூபாய் அப்படியில்லை, தேடினால் கிடைக்கும். அதே ராஜா தலை, அதே வெள்ளி, அதே எடை, அதே பூவேலை. வித்தியாசம் கடைசி இலக்கம் ஒன்றுதான்.

உங்கள் படம் மங்கல். வருஷம் இருக்கும் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாக வைத்து எடுத்துப் போடுங்கள். விளிம்பையும் எடுங்கள்.

உரைகல்_பத்தர்

நாற்பது வருஷமாக உரைகல்லோடு உட்கார்ந்திருக்கிறேன். தங்கசாலை ஐயா சொல்கிற சரித்திரம் எனக்குத் தெரியாது. வெள்ளி எனக்குத் தெரியும். தம்பி, ஊரில் நல்ல பத்தராகப் பார்த்துக் கொடுங்கள், விளிம்பில் லேசாக உரைத்துப் பார்த்தால் ஜெர்மன் சில்வரா அசல் வெள்ளியா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். 12இல் 11 என்றால் நம்ம 916 தங்கத்தின் கணக்கேதான், 22 காரட். கல்லில் உரைப்பது பிடிக்கவில்லையென்றால் ஹால்மார்க் போடும் இடத்தில் மெஷினில் வையுங்கள், கீறல் விழாது. முதலில் ஒரு சுண்டு சுண்டிக் காதில் கேளுங்கள். வெள்ளி நின்று பாடும். ஈயம் கலந்தது 'தொக்' என்று விழும்.

ஈப்போ_அண்ணாச்சி

கல்லில் உரைக்க வேண்டாம் தம்பி! அபூர்வ நாணயமாக இருந்தால் அந்த ஒரு கீறலே பாதி விலையைத் தின்றுவிடும்.

என் கதை: இங்கே இரவுச் சந்தையில் பிரிட்டிஷ் டிரேட் டாலர் ஒன்று வாங்கினேன், பிரிட்டானியா அம்மாள் சூலம் பிடித்து நிற்பாளே, அது. விற்ற பெரியவர் தாத்தா காலத்துச் சொத்து என்றார். அசல் 26.95 கிராம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் 22 கூட இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தப் பொம்மையைக் கிட்டே கொண்டுபோனேன், டாலர் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது ஃபிரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு.

அரைக்கிராம்

காந்தம் கழிப்பதற்குத்தான் உதவும், தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூடத்தான் ஒட்டாது. (1947 புலி ரூபாய் சுத்த நிக்கல், அது அசலே ஒட்டும்.)

உரைக்காமல் உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. 0.01 கிராம் காட்டும் சின்ன தராசு வேண்டும், காய்கறித் தராசு ஆகாது. முதலில் நாணயத்தை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து 0க்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, கையில் தொங்க வேண்டும். அப்போது தராசு காட்டுவது, நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

11.66 கிராம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பழைய தரம் என்றால் 1.13 சுமாருக்கு வரும், அடர்த்தி 10.3. 1940 முதல் வந்த பாதி வெள்ளி என்றால் 1.22, அடர்த்தி 9.5. ஜெர்மன் சில்வர் என்றால் 1.34 பக்கம் போகும். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது. மூன்று தடவை செய்யுங்கள்.

தாமிரபரணிக்கரை

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தராசு வாங்கினேன், 600 ரூபாய். (மனைவி கேட்டாள், பதில் சொல்லவில்லை.)

காந்தம் ஒட்டவில்லை. எடை 11.64. தண்ணீரில் மூன்று தடவையும் 1.13. வகுத்தால் 10.3!! ஹால்மார்க் போடும் இடத்திலும் கொடுத்தேன், மெஷினில் வெள்ளி 92.1 சதவீதம், மிச்சம் செம்பு என்று சீட்டு கொடுத்தார்கள். விளிம்பில் நேர்க்கீற்று மட்டும்தான். பின்பக்கம் அடியில் தாமரைக்குக் கீழே குட்டிப் புள்ளி இருக்கிறது.

சும்மா மற்ற 13ஐயும் எடை போட்டேன். எல்லாம் 11.2க்கும் 11.5க்கும் நடுவில்.

அசல்தானே? நாற்பதாயிரத்துக்குக் கொடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

உரைகல்_பத்தர்

சொன்னேன் அல்லவா! சுத்தமான சரக்கு. வாழ்த்துகள் தம்பி.

செல்லாக்காசு

பார்ட்டி எப்போ?

தங்கசாலைத்_தெரு

பத்தரே, கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளி அசல், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து நிரூபித்திருப்பது, இது 1940க்கு முந்தைய தரத்தில் அடித்த ஒரு ரூபாய் என்பதை மட்டும்தான். 1938ஆக இருந்தாலும் எடை இதே, தண்ணீர்க் கணக்கு இதே, மெஷின் சீட்டு இதே. 1939ஐப் போலி செய்கிறவன் எதற்கு ஈயத்தை ஊற்றப் போகிறான்? கையில் ஒரு 1938ஐ வைத்துக்கொண்டு கடைசி எட்டைச் சுரண்டினால் வேலை முடிந்தது. போலிக்கு மூலப்பொருளே அசல்தான்.

புள்ளியை வைத்தும் முடிவு செய்ய முடியாது. 1938இலேயே புள்ளி உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. புள்ளி இல்லாமல் 1939 வந்திருந்தால் அப்போதே கதையை முடித்திருக்கலாம். விளிம்பும் அப்படித்தான். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாயில் கீற்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், அதற்குள் வேலைப்பாடு இருக்கும். உங்களுடையதில் அது இல்லை, நல்லது. ஆனால் 1938இலும் அது கிடையாது.

ஆக மிச்சம் இருப்பது கடைசி இலக்கம் ஒன்றே. உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 1939இல் ஒன்பது இரண்டு தடவை வருகிறது. இரண்டாவது இலக்கத்தின் ஒன்பதை எவனும் தொட்டிருக்க மாட்டான். அதைப் பக்கத்தில் வைத்துக் கடைசி ஒன்பதைப் பாருங்கள். எட்டுக்கு மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரியது. ஒன்பதுக்குத் தலைதான் பெரியது. எட்டின் கீழ் வட்டத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கினால், தலை சின்னதாகவும் வால் பெருத்தும் நிற்கும்.

10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடி வாங்குங்கள். அந்த 9இன் இடப்பக்கக் கீழ்த் தரையைப் பாருங்கள். நாணயச்சாலையில் அடித்த தரை ஒரே சீராக இருக்கும், வெளிச்சத்தைத் திருப்பினால் மினுக்கம் தடங்கலில்லாமல் நகரும். சுரண்டிய இடத்தில் மினுக்கம் அறுந்துபோகும்.

தாமிரபரணிக்கரை

ஐயா, லூப் நாளைதான் வரும். ஆனால் இது ஆச்சி பெட்டியிலிருந்து வந்தது. யாரிடமும் வாங்கியதில்லை. எழுபது எண்பது வருஷம் அந்த முடிப்பிலேயே இருந்த காசை யார் எடுத்துச் சுரண்டப் போகிறார்கள்?

மதுரைக்காரி

நான் நாணயம் சேர்க்கிறவள் இல்லை, என் வீட்டுக்காரர் சேர்க்கிறார், நான் வேடிக்கை பார்க்கிறேன். அதனால் தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல் பதிவில் ஆச்சி விபூதி போட்டுத் துலக்குவார் என்று எழுதியிருந்தீர்கள் தம்பி. நானும் எங்கள் வீட்டு வெள்ளி விளக்கை அப்படித்தான் துலக்கினேன், பத்து வருஷத்தில் கஜலட்சுமிக்கு மூக்கு போய்விட்டது. உங்கள் மற்ற படங்களில் ஐந்தாம் ஜார்ஜ் முகமெல்லாம் மழமழவென்று கிடக்கிறது. எடையும் 11.2, 11.3 என்று இறங்கியிருக்கிறது. அந்த ஆறாம் ஜார்ஜ் மட்டும் ஏன் 11.64? கிரீடத்தில் கல்லெல்லாம் எண்ணலாம் போல இருக்கிறதே. அதற்கு மட்டும் ஏன் விபூதி படவில்லை?

அரைக்கிராம்

அக்கா, இதை நான் பார்த்திருக்க வேண்டும். எடை போடச் சொன்னதே நான்தான்.

தங்கசாலைத்_தெரு

சபாஷ் அம்மா. முப்பது வருஷமாகச் சேர்க்கிறேன், எனக்கும் படவில்லை.

சிலது மட்டும் புழக்கத்துக்கே போகாமல் இருந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்ல இடமுண்டு. ஆனால் பூஜைக்கு 14ஐயும் துலக்கினார்கள் என்றால் அந்தச் சமாதானம் நிற்காது. தம்பி, நீங்கள் துலக்கியபோது இந்தக் காசு இருந்ததா?

தாமிரபரணிக்கரை

யோசித்துப் பார்த்தேன். நான் எண்ணியதில்லை. ஆனால் பூஜைத் தட்டில் வரிசைக்கு ஏழாக அடுக்குவோம். கடைசி வரிசையில் ஒன்று குறையும், அந்த இடத்தில் மஞ்சள் கிழங்கை வைப்பாள். அப்படியென்றால் 13.

நாளை லூப் வந்ததும் எழுதுகிறேன்.

செல்லாக்காசு

இன்றைக்குத் தூக்கம் போச்சு. டிவி சீரியல் தேவையில்லை.

தாமிரபரணிக்கரை

லூப் வந்தது. போன் கேமராவை லூப்பின் மேல் வைத்து எடுத்த படம் இரண்டு போட்டிருக்கிறேன். கை ஆடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு ஒன்பதும் ஒரே ஒன்பது இல்லை. முதல் ஒன்பதின் தலை தாராளமாக இருக்கிறது. கடைசி ஒன்பதின் தலை ஒடுங்கி இருக்கிறது, வால் வெட்டிய நகம் மாதிரி சட்டென்று நிற்கிறது. அதன் இடப்பக்கம் கடுகளவு இடத்தில் தரை மங்கல். காசைச் சாய்த்தால் அந்த இடத்தில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில், ஈர்க்குச்சி விளக்குமாற்றால் மண்தரையைப் பெருக்கின மாதிரி. வேறெங்கும் அப்படிக் கோடு இல்லை.

வேறு விளக்கம் ஏதாவது இருக்கிறதா?

தங்கசாலைத்_தெரு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 1938தான். எட்டின் இடுப்புக்குக் கீழே சுரண்டி, தரையைத் தேய்த்துச் சமப்படுத்தியிருக்கிறான். கெட்டிக்காரன், அவசரப்படாமல் செய்திருக்கிறான். நேரில் பார்க்காமல் நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதை நான் 1939 என்று வாங்க மாட்டேன். சந்தேகம் தீர வேண்டுமென்றால் என்ஜிசி, பிசிஜிஎஸ் மாதிரி தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். இதற்கு அந்தச் செலவு வேண்டாம் என்பது என் எண்ணம்.

உரைகல்_பத்தர்

நானும் பார்த்தேன். அது ஊசிச் சீவுளி போன தடம். எங்கள் வேலைதான், எங்களில் ஒருவன்தான் செய்திருக்க வேண்டும். ஐயா சொன்னது சரி, நான் வெள்ளியை மட்டும் பார்த்துவிட்டேன்.

தம்பி, இதை உருக்கிவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும்வரை சரி, உங்களுக்குப் பிறகு யாராவது இதை 1939 என்று விற்பான்.

தங்கசாலைத்_தெரு

இதில் எனக்குச் சம்மதமில்லை பத்தரே. உருக்கினால் கிடைப்பது பத்துப் பதினோரு கிராம் வெள்ளி. வைத்திருந்தால் பாடம். புதிதாகச் சேர்க்க வருகிற பையன்களுக்குப் படத்தில் காட்டி எவ்வளவு சொன்னாலும் ஏறாது, இப்படி ஒன்றைக் கையில் கொடுத்து லூப்பைக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடும். ஒரு கவரில் போட்டு '1938, இலக்கம் திருத்தியது' என்று எழுதி வையுங்கள்.

உரைகல்_பத்தர்

கவர் கிழியும் ஐயா.

அரைக்கிராம்

எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த நாற்பதாயிரம் ஆள்?

தங்கசாலைத்_தெரு

அவர் அசல் என்று நம்பியிருக்கலாம். அப்படியானால் லட்சங்களுக்குப் போவதை நாற்பதுக்குக் கேட்டிருக்கிறார். இல்லையென்றால் திருத்தியது என்று தெரிந்தே, அடுத்த ஆள் தலையில் கட்டலாம் என்று கேட்டிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் விற்காதது நல்லது. ஒன்று பாராட்ட வேண்டும், முன்பணம் கேட்கவில்லை. பழைய நாணயம் வாங்குகிறோம் என்று இணையத்தில் சொல்லிக்கொண்டு கமிஷன், வரி என்று நம்மிடமே வசூலிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தன் பெயரைச் சொல்லி அப்படிக் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று 2021இல் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு கொடுத்தது.

தாமிரபரணிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். ஆச்சி பெட்டியில் 1939 ரூபாய் ஒன்று இருந்தது மாமா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த ஒம்பது சரியில்லையா?" என்று கேட்டார்.

1994இல் ஒரு பஸ் ஸ்டாண்டில் துணி விரித்து விற்றவரிடம் 1,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு அது அரை மாதச் சம்பளம். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். திரும்பப் போனால் துணியும் இல்லை, ஆளும் இல்லை. அத்தைக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்து ஆச்சியிடம் கொடுத்திருக்கிறார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லையாம். முடிப்பில் போட்டுக்கொண்டாள். பூஜைக்கு மட்டும் எடுத்து வைக்கவில்லை. "ஏமாத்தின காசு சாமிக்கு ஆகாது" என்றாளாம்.

மாமா இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறார். பத்தர் ஐயா, உருக்க முடியாது போல. அத்தைக்கு இன்னும் தெரியாது.

மதுரைக்காரி

ஆச்சிக்கு ஒரு கும்பிடு.

ஈப்போ_அண்ணாச்சி

மாமாவிடம் சொல்லுங்கள், என் ஃபிரிட்ஜ் கதவில் இடம் இருக்கிறது. ஆனால் அவருடையது ஒட்டாது.

தங்கசாலைத்_தெரு

தம்பி, அந்த எட்டு ஐந்தாம் ஜார்ஜில் 1911 ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ராஜாவின் அங்கியில் ஒரு யானை இருக்கும். 1911இல் அடித்தபோது அதன் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சலசலப்பே ஆகி, காசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். 1939 அளவுக்கு அபூர்வம் இல்லை, ஆனாலும் பன்றி ரூபாய்க்கு நல்ல கிராக்கி உண்டு.

தாமிரபரணிக்கரை

ஐயா, 1911 ஒன்று இருக்கிறது! இப்போதுதான் லூப்பில் பார்த்தேன்.

யானை இருக்க வேண்டிய இடம் ஆச்சி கைபட்டு மழுங்கிக் கிடக்கிறது. பன்றியும் தெரியவில்லை, யானையும் தெரியவில்லை. குங்குமம் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைத் துடைக்கலாமா, வேண்டாமா?